சாட்ஸ்வொர்த் கவுன் ஆன்ட்டி: பரீட்சை அட்டவணையைப் பார்த்த பிறகே அளவெடுப்பவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படித்துக்கொண்டே அழகிப் போட்டிக்கும் போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய அப்பா அம்மாவும் படித்தால் நல்லது. ஈவ்னிங் கவுன் எங்கே எடுப்பது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் ஒரே இடத்தைத்தான் சொல்கிறேன். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், வெஸ்ட்கிளிஃப் பங்களாதேஷ் மார்க்கெட்டைத் தாண்டி மேட்டில் ஏறினால், ஒரு வீட்டின் கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. ‘கவுன் ஆன்ட்டி’ என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் வழி சொல்வார்கள். கவுன் வாடகைக்குத் தருவது, வேறு இடத்தில் வாங்கிய கவுனை உடம்புக்குச் சரியாக மாற்றித் தைப்பது, மேடைக்குச் சேலையைத் தயார் செய்வது ஆகிய மூன்று வேலைகளை அவர் செய்கிறார்.

நான் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பார்மசி மூன்றாம் ஆண்டு. அப்பா கோயில் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நான் வளர்ந்ததெல்லாம் சாட்ஸ்வொர்த்தில்தான். எங்கள் படிப்பு நாலு வருடம். அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், அதற்கும் பிறகு ஒரு வருடம் சமூக சேவை, அதெல்லாம் முடிந்தால்தான் முழு மருந்தாளுநர். இவ்வளவு நீளமான படிப்புக்கு நடுவில் போட்டி எதற்கு என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கு மேடை பிடிக்கும். அங்கே நின்று நாலு வார்த்தை தெளிவாகப் பேசுவது பிடிக்கும். மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்கப்போகிற எனக்கு அந்தப் பேச்சு தேவையும்கூட.

போட்டிக்குப் போகிற மாணவியின் நேரத்தைத் தின்பது நடைப்பயிற்சி என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே தெரியும். நேரம் போவது துணியில்தான். அளவு கொடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், ‘இன்னும் ஆகலை, வியாழக்கிழமை வாங்க’ என்பார்கள், வியாழக்கிழமை போனால் தைக்கிறவர் வந்திருக்க மாட்டார். போன வருடம் ஒரு மால் கடையில் எனக்கு இதுதான் நடந்தது. கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்த தேதிகளில் ஒன்று என் பிராக்டிகல் வகுப்பு இருந்த மதியத்தில் விழுந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் டி.பி. (டியூலி பெர்ஃபார்ம்டு) என்று ஒரு விதி உண்டு. பிராக்டிகல், டெஸ்ட், அசைன்மென்ட் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்திருந்தால்தான் பரீட்சை எழுதவே விடுவார்கள். டி.பி. போனால் அந்தப் பாடமே போனது. ஒரு ஜிப்புக்காக அதைப் பணயம் வைக்க யாராலும் முடியாது.

கவுன் ஆன்ட்டியிடம் முதல் தடவை போனபோது டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்டது, “பரீட்சை டைம்டேபிள் கொண்டுவந்தியாம்மா?” என்று. போனில் இருந்ததைக் காட்டினேன். போதாது, பிரின்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கராஜ் சுவரில் பெரிய காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கலர் பேனா. அவளுடைய பரீட்சை நாட்கள், டெஸ்ட் நாட்கள், பிராக்டிகல் மதியங்கள் எல்லாம் அதில் ஏறுகின்றன. மிச்சமிருக்கிற கட்டங்களில்தான் ஃபிட்டிங் எழுதுகிறார். எழுதிய தேதியில் துணி தயாராக இருக்கும். நான் போன எந்தத் தடவையும் அது தவறியதில்லை.

அவருடைய கணக்கு இப்படிப் போகிறது. எங்களுக்கு முக்கியப் பரீட்சைகள் ஜூனிலும் நவம்பரிலும் வருகின்றன. உள்ளூர்ப் போட்டிகள் பல, மகளிர் மாதம் என்பதால் ஆகஸ்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகஸ்ட் 9 தென்னாப்பிரிக்காவின் பெண்கள் தினம், பொது விடுமுறை. மிஸ் சவுத் ஆப்பிரிக்கா இறுதிச் சுற்றுகூட 2022, 2023, 2024 மூன்று வருடமும் ஆகஸ்டில்தான் நடந்தது. அப்படியென்றால் தையல் வேலை உச்சத்துக்கு வருவது சரியாக ஜூன் பரீட்சை நேரத்தில். ஆன்ட்டி அதை இரண்டாக உடைக்கிறார். கவுன் தேர்ந்தெடுப்பது, உடல் பகுதியைச் சரிசெய்வது, கல் வைப்பது எல்லாம் மே மாதத்துக்குள் முடிந்துவிடும். பரீட்சை நாட்களில் அவர் கூப்பிடவும் மாட்டார், நாம் கூப்பிட்டால் எடுக்கவும் மாட்டார். கடைசி இறுக்கமும் அடிமடிப்பும் ஜூலை விடுமுறையில். பரீட்சை நேரத்தில் பெண்களின் உடம்பு மாறும் என்று அவருக்குத் தெரியும். சிலர் சாப்பாட்டை விட்டு இளைக்கிறார்கள், சிலர் இரவெல்லாம் பிஸ்கட்டோடு உட்கார்ந்து ஒரு சுற்று பெருக்கிறார்கள். ஜூனுக்கு முன்னால் கச்சிதமாகத் தைத்த கவுன் ஆகஸ்டில் சரியாக நிற்காது.

அதனால் முடிந்தவரை முதுகில் ஜிப்பை எடுத்துவிட்டு நாடா கோக்கும் மாதிரி மாற்றிவிடுகிறார். துணியிலேயே வளையங்கள் தைத்து, இரண்டு பக்கமும் நாடா ஓடும். இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் நாடாவில் சரிசெய்துகொள்ளலாம். மறுபடி தைக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஜிப் பல் விட்டுப்போய் அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். நாடாவில் அந்தப் பயம் கிடையாது.

நான் எடுத்தது அடர்பச்சை கிரேப் கவுன். உடல் பகுதியை நிமிர்த்திப் பிடிக்க உள்ளே குச்சிகள் வைத்தது, இடுப்புக்குக் கீழே நேராக விழுவது. போட்டு நாடாவைக் கட்டியதும் கண்ணாடி பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். என் பையிலிருந்த நோட்டை எடுத்துக் கையில் கொடுத்து, ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான் பார்மகாலஜி நோட்டில் ஒரு பக்கம் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். அந்த இரண்டு இடத்திலும் அவர் விலாவில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

காரணத்தை அப்புறம் சொன்னார். போட்டி இரவில் மேடையில் நிற்பது கொஞ்ச நேரம்தான். பின்னால் காத்திருப்பது மணிக்கணக்கு. படிக்கிற பெண்கள் அங்கே நோட்டைத் திறப்பார்கள், திறக்கவும் வேண்டும். உட்கார முடியாத கவுனில் அது நடக்காது. அதோடு, மூச்சு முட்டுகிற கவுனில் கேள்விக்குப் பதில் சொன்னால் குரல் மேலேறிக் கீச்சென்று வரும். நடுவருக்கு அது பயம் போலத் தெரியும். குச்சிகளின் நுனியை வெட்டி, நுனிக்குத் துணி உறை போட்டு, இடுப்பு எலும்புக்கு அரை அங்குலம் மேலே நிற்கும்படி ஏற்றினார். அடுத்த தடவை அதே பக்கத்தை ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் தடங்கல் இல்லாமல் படித்தேன். எந்தக் கடையிலும் யாரும் என்னை உட்காரவைத்துப் பார்த்ததில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவரைப் பரிந்துரைப்பேன்.

ஊசி குத்துகிற நேரத்தையும் அவர் வீணாக விடுவதில்லை. முட்டி போட்டு அடிமடிப்புக்கு ஊசி வைத்துக்கொண்டே கேள்வி கேட்கிறார். நடுவர்கள் கேட்கிற அதே மாதிரிக் கேள்விகள்: உன் ஊருக்கு என்ன செய்யப்போகிறாய், ஜெயித்தால் படிப்பை என்ன செய்வாய். நான் எடுத்திருந்த தலைப்பு காசநோய் மருந்தை முழுக்கச் சாப்பிட்டு முடிப்பது. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் அது பெரிய பிரச்சினை. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் இரண்டு மருந்து. நான் மருந்துப் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். கீழேயிருந்து குரல் வந்தது: “பேரெல்லாம் வேண்டாம்மா. சனங்க ஏன் பாதியிலே விட்டுடறாங்க? அதச் சொல்லு.”

யோசித்துச் சொன்னேன். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று பசி எடுக்க ஆரம்பித்துவிடும், குணமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. “இத மேடையிலே சொல்லு,” என்றார். சொன்னேன். நடுவர்களில் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தது அந்த ஆரஞ்சு நிறத்துக்குத்தான். வகுப்பில் படித்ததை மேடைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று எனக்கு முதலில் புரியவைத்தது அந்தக் கராஜ்தான். அதே பதில் பின்னால் வாய்மொழித் தேர்வில், நோயாளியிடம் எப்படி விளக்குவாய் என்று கேட்டபோதும் உதவியது.

சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய படங்கள் ஒட்டியிருக்கிறார். இவர்களில் யாருக்கும் ஆன்ட்டி தைத்ததில்லை. படிப்பைக் கைவிடாதவர்கள் என்று ஒட்டி வைத்திருக்கிறார். 1997-இல் மிஸ் சவுத் ஆப்பிரிக்கா ஆன கெரிஷ்னி நாயக்கர், மருந்தாளுநர். என் கண் முதலில் போனது அவர் படத்துக்குத்தான். ரோலீன் ஸ்ட்ராஸ், ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது 2014-இல் உலக அழகி ஆனார், பிறகு படிப்பை முடித்து டாக்டரானார். டமரின் கிரீன், கேப் டவுனில் மருத்துவ மாணவியாக இருந்தபோது 2018-இல் மிஸ் சவுத் ஆப்பிரிக்கா. அதே வருடம் மிஸ் யூனிவர்ஸில் இரண்டாமிடம். தனக்குக் காசநோய் வந்ததை வெளியில் சொல்லி, அந்த வெட்கத்தை உடைக்க வேண்டும் என்று பேசியவர். என் தலைப்பு அவரைப் பார்த்து வந்ததுதான். 2021-இல் மிஸ் சவுத் ஆப்பிரிக்கா ஆன லலேலா ம்ஸ்வானே சட்டம் படித்தவர், எங்கள் மாகாணத்துப் பெண். 2023-இல் மிஸ் யூனிவர்ஸுக்குப் போன பிரையோனி கோவெந்தரும் சட்டம்தான். படிப்பா போட்டியா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று பெண்ணை நெருக்குகிற பெற்றோர் ஒரு தடவை அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆனால் ஒன்று, இவர்களில் சிலர் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பட்டத்தின் கடமைகளைச் செய்தார்கள். பெரிய பட்டத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலிலேயே தங்கள் துறையில் விடுப்பு விதிகளைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆன்ட்டியின் கை எங்கே பழகியது என்று தெரிந்தால் அந்தக் காலண்டர் ஒழுங்கும் புரியும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பெண்களில் ஒரு தலைமுறையே டர்பனின் கார்மென்ட் ஃபேக்டரிகளில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றியது. இவரும் அப்படித்தான், பள்ளியை விட்ட வயதிலிருந்து. 1990-களில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டு உடைகள் மலிவாக வந்து இறங்க, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனபோது கிடைத்த பணத்தில் இரண்டு மெஷின் வாங்கிக் கராஜில் போட்டார். அவருடைய மாமியார், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். நிறவெறி ஆட்சியில் அங்கிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். மாமியாருடைய மிதி மெஷின் இன்றும் மூலையில் இருக்கிறது. 2023-இல் லோட்ஷெடிங் எனப்படும் மின்வெட்டு மோசமாக இருந்தபோது அந்த மெஷினில்தான் தேதி தவறாமல் தைத்துக் கொடுத்தாராம். படிக்க ஆசைப்பட்டும் முடியாமல் போனவர் என்பதால், வருகிற பெண்களின் பரீட்சையை அவர் தன் பரீட்சையாகவே நினைக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அது.

சேலை வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய வம்சாவளிப் போட்டிகளில் பாரம்பரிய உடைச் சுற்று கட்டாயம் இருக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கிடைக்கிற நிமிடங்களில் பட்டுச்சேலையை மடித்துக் கட்ட முடியாது. நான் அம்மாவின் கூறைப்புடவையைக் கொண்டுபோனேன், காஞ்சிபுரம் அரக்குச் சிவப்பு. வேறு சிலர் இதை வெட்டித் தைத்தால்தான் நிற்கும் என்றார்கள். ஆன்ட்டி கத்தரியை எடுக்கவே இல்லை, மெஷினிலும் வைக்கவில்லை. பாவாடையோடு சேர்த்துக் கொசுவத்தைக் கையால் பெரிய பெரிய தையலாக ஓட்டி, இடுப்பில் கொக்கி வைத்து, முந்தானை மடிப்பைத் தோளில் பிடித்துவிட்டார். பாவாடை போல ஏறி நின்று கொக்கி மாட்டினால் வேலை முடிந்தது. போட்டி முடிந்ததும் நூலை உருவினால் சேலை பழையபடி. அம்மா விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார்; ஊசி போன தடம்கூடத் தெரியவில்லை.

விலை. கவுன் வாடகைக்கு நான் கொடுத்தது 950 ரேண்ட், ஆல்ட்ரேஷன் எல்லாம் அதற்குள். முன்பணம் 600, திருப்பிக் கொடுத்ததும் கைக்கு வந்துவிட்டது. சேலைக்கு 250. நான் விசாரித்த மால் கடைகளில் இதே தரத்தில் ஒரு கவுன் வாங்க 4,000 ரேண்டுக்குக் குறையவில்லை. என் வகுப்பில் பலர் அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவியில் படிக்கிறார்கள்; வீட்டு வருமானம் வருடத்துக்கு 350,000 ரேண்டுக்குள் இருக்கிற குடும்பங்களுக்கான உதவி அது. அவர்களில் மேடை ஏற ஆசைப்படுகிறவளுக்கு வாங்குவது என்ற பேச்சே கிடையாது. ஒரு இரவு போடுகிற உடையை வாடகைக்கு எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

குறைகளும் உண்டு. பெரிய அளவுகளில் தயார் கவுன்கள் மிகக் குறைவு. பெரிய உடம்பு உள்ளவர்கள் இரண்டு கவுனில்தான் தேர்ந்தெடுக்க முடியும், இதை அவர் சரிசெய்ய வேண்டும். நிறங்களில் பச்சை, சிவப்பு, கறுப்பு நிறைய. இப்போது எல்லோரும் கேட்கிற வெளிர் நிறங்கள் இல்லை. மாற்றிக்கொள்ள அறை கிடையாது, ஒரு திரைதான். விளக்கு மஞ்சளாக இருப்பதால் சாயங்காலம் போனால் நிறம் வேறு மாதிரி தெரியும். பகலில் போய் கராஜ் வாசலில் நின்று பாருங்கள். கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் அல்லது வங்கிப் பரிமாற்றம். மேட்டுத் தெருவில் காரை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். மார்க்கெட் நாட்களான வெள்ளி, சனியில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது மேல். புரட்டாசி சனிக்கிழமைகளில் வேலை கிடையாது; நவம்பருக்கு முன்னால் போட்டி இருந்தால் அதை மனதில் வையுங்கள்.

அவசர வேலையும் எடுக்க மாட்டார். ‘அடுத்த சனிக்கிழமை போட்டி’ என்று வந்து நின்றவர்களை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார். சிலருக்கு அது கோபம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது, ஏனென்றால் அவர்களுக்கு நேரம் கொடுத்திருந்தால் அது காலண்டரில் வேறு ஒரு பெண்ணின் கட்டத்திலிருந்துதான் போயிருக்கும்.

என் முடிவையும் கேட்பீர்கள். போட்டியில் ஃபர்ஸ்ட் பிரின்சஸ், அதாவது இரண்டாமிடம். ஜூன் பரீட்சை எல்லாப் பாடத்திலும் தேறினேன், சப்ளிமென்டரி எதுவும் இல்லை.

போக நினைப்பவர்கள் ஏப்ரலுக்குள் போய்விடுங்கள். பரீட்சை அட்டவணை வராவிட்டாலும் டெஸ்ட் தேதிகளோடு போகலாம், அட்டவணை வந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மேடையில் போடப்போகிற அதே செருப்பைக் கொண்டுபோக வேண்டும். அந்தக் குதிகால் உயரத்துக்குத்தான் அடிமடிப்பு எடுப்பார், வேறு செருப்பில் அளவெடுக்கவே மாட்டார். உள்ளாடையும் அன்றைக்குப் போடுவதையே போட்டுக்கொண்டு போங்கள். கல் வைத்த கவுன் எடுத்தால், ஒட்டியதா தைத்ததா என்று கேட்டுத் தைத்ததை எடுங்கள். ஒட்டிய கல் சூட்டிலும் வியர்வையிலும் உதிரும், திருப்பிக் கொடுக்கும்போது உதிர்ந்த ஒவ்வொரு கல்லுக்கும் 5 ரேண்ட் முன்பணத்தில் கழிப்பார். கவுனை நீங்கள் துவைக்க வேண்டாம். வியர்வை காய்ந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி, கொடுத்த துணிப்பையிலேயே போட்டு, திங்கள் மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.